லென்ஸ் மட்டும் மாற்றலாமா, புதுக் கண்ணாடியே வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிக் கடைக் கவுன்டரில் பவர் சீட்டை நீட்டியதும் பலர் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களையும், கேட்பவர்கள் கேட்கும் பேச்சிலேயே, இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. அதனால் முடிந்தால் மேலிருந்தே படித்து வாருங்கள்.

பிரேம் நல்லாத்தான் இருக்கு, பவர் மட்டும்தான் மாறியிருக்கு. லென்ஸ் மட்டும் மாத்தித் தருவாங்களா?

தருவார்கள். பெரும்பாலான கடைகளில் இது அன்றாட வேலை. பழைய லென்ஸைக் கழற்றி, பிரேமின் உள்வடிவத்தை மெஷினில் பதிந்து, வட்டமாக வரும் புது லென்ஸை அந்த வடிவத்துக்கு வெட்டி, விளிம்பில் வரப்பு போல ஒரு கூர் எடுத்துப் பொருத்துவார்கள். பிரேம் வேறு கடையில் வாங்கியது என்றாலும் செய்வார்கள். சில கடைகள் அதற்குத் தனியாக ஃபிட்டிங் கூலி வாங்கும்.

முடிவெடுக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு பிரேமுக்கு வெட்டிய லென்ஸ் அந்தப் பிரேமுக்குத்தான். ஆறு மாதத்தில் பிரேம் உடைந்தால் லென்ஸும் அதோடு போய்விடும். ஆகவே பார்க்கவேண்டியது பிரேம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை அல்ல, புது லென்ஸ் உழைக்கும் இரண்டு மூன்று வருடத்துக்கு அதுவும் கூட வருமா என்பதைத்தான்.

அது கூட வருமான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

கண்ணாடியைக் கழற்றி, சைடு கம்பிகளை விரித்து, தலைகீழாக ஒரு மேசைமேல் வையுங்கள். நான்கு முனையும் மேசையில் பட வேண்டும். ஒரு பக்கம் தூக்கி ஆடினால் பிரேம் முறுக்கியிருக்கிறது. அதைப் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம், அதற்காக மட்டும் பிரேமைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அடுத்து கீல். கம்பியை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவை இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் கீலின் துளையே தேய்ந்துவிட்டது. அந்தப் பிரேமுக்கு அதிக ஆயுள் இல்லை.

மெட்டல் பிரேம் என்றால் லென்ஸைச் சுற்றிவரும் ரிம் மூடும் இடத்தில், கீலுக்குப் பக்கத்தில், இன்னொரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். லென்ஸ் மாற்ற அதைத்தான் திறக்க வேண்டும். வேர்வை இறங்கி அது துருப்பிடித்திருந்தால் தலை வழுக்கி உள்ளேயே முறியும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மூக்குத் தாங்கியின் அடியில் பச்சைப் பாசி போல் படிந்திருந்தால் பூச்சு போய் உள்ளே உள்ள செம்புக் கலவை அரிக்கிறது என்று அர்த்தம். மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம். தாங்கியைப் பிடிக்கும் கம்பியின் பற்றவைப்புவரை போயிருந்தால் புதுப் பிரேம் பாருங்கள்.

ஷெல் பிரேம் என்று நாம் சொல்லும் அசிடேட் பிரேமில் பார்க்க வேண்டியது நிறத்தை. வருடக்கணக்கில் வியர்வையும் வெயிலும் பட்டு, அந்தப் பிளாஸ்டிக்கை வளையவைக்கும் எண்ணெய்ப்பசை வெளியேறிவிடும். அப்போது காதுக்குப் பின்னாலும் மூக்குப் பக்கத்திலும் வெள்ளையாகப் பூத்து, உலர்ந்ததுபோல் தெரியும். நக இடுக்கில் சிக்கும் அளவுக்கு மயிரிழை விரிசல் இருந்தால் அதில் புது லென்ஸ் போடுவது வீண்.

0.25 தான் மாறியிருக்கு. இதுக்காக லென்ஸ் மாத்தணுமா?

பவர் 0.25 படிகளில்தான் எழுதப்படுகிறது. அதாவது உங்களுக்கு மாறியிருப்பது ஆகச் சிறிய படி. காலையில் ஓய்வாக இருக்கும்போது சோதித்ததற்கும் மாலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுந்த பிறகு சோதித்ததற்குமே இந்த அளவு வித்தியாசம் வரலாம். தலைவலி, இரவில் வண்டி ஓட்டுவதில் சிரமம், போர்டு தெரியாமை போன்ற எதுவும் இல்லையென்றால் பழையதையே போட்டுக்கொள்ளலாம். 0.50 மாறினால் அநேகமாக நீங்களே உணர்வீர்கள்.

ஸ்பியரை, அதாவது கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கான பவரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைத் திருத்துவது சிலிண்டர் பவர். அது உள்ளவர்கள், அந்தத் திசையைக் கோணமாகக் காட்டும் பக்கத்து ஆக்சிஸ் எண்ணையும் பழைய சீட்டோடு ஒப்பிட வேண்டும். ஆக்சிஸ் 10 டிகிரி விலகினால் சிலிண்டர் பவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நின்றுவிடும். 30 டிகிரி விலகினால் மொத்த சிலிண்டர் அளவுக்கு மங்கல் மிஞ்சும். சிலிண்டர் 0.50 உள்ளவருக்கு 10 டிகிரி ஒன்றும் தெரியாது. 2.00 உள்ளவருக்கு அது 0.70 அளவு மங்கல். சீட்டில் பவர் எண் அப்படியே இருந்து ஆக்சிஸ் மட்டும் மாறியிருக்கும்போது, ‘பவர் மாறலையே’ என்று திரும்பிப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர்.

பவர் அதேதான், ஆனா லென்ஸ்ல கீறல் விழுந்திருக்கு. பாலிஷ் போட்டுத் தர முடியாதா?

முடியாது. இன்றைக்குப் போடும் பிளாஸ்டிக் லென்ஸின்மேல் கீறல் தாங்க ஒரு பூச்சும், அதற்கு மேல் வெளிச்சம் பளிச்சிடாமல் இருக்க மிக மெல்லிய பல அடுக்குப் பூச்சும் இருக்கின்றன. கீறல் அந்த அடுக்குகளைக் கிழித்திருக்கிறது. தேய்த்தால் மிச்சமிருக்கும் பூச்சும் போய், லென்ஸ் புகைபோல் மங்கும். பற்பசை வைத்துத் தேய்ப்பது அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கும்.

ஓரத்தில் உள்ள கீறலை விட்டுவிடலாம். கருவிழிக்கு நேரே, எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் நட்சத்திரம்போல் சிதறித் தெரிகிறது என்றால் மாற்றுங்கள். கீறலே இல்லாமல் சிலந்தி வலைபோல் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது வெப்பத்தின் வேலை. மூடிய காரின் டேஷ்போர்டில் வைத்தாலோ, சுடுதண்ணீரில் கழுவினாலோ லென்ஸ் பிளாஸ்டிக் விரியும். மேல் பூச்சு அதே அளவு விரியாமல் வெடித்துவிடும். இதைத் திரும்பப் பூசித் தருவதும் நடைமுறையில் இல்லை. சேலைத் தலைப்பாலும் சட்டை நுனியாலும் உலரத் துடைப்பதை நிறுத்தி, முதலில் தண்ணீர் விட்டு மணல் துகளை அகற்றினாலே பாதிக் கீறல் விழாது.

பழைய பிரேம்ல லென்ஸ் போடும்போது பிரேம் உடைஞ்சா யார் பொறுப்பு?

ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் வாடிக்கையாளர் பொறுப்புதான். பில்லில் அப்படி எழுதியிருக்கும், சில இடங்களில் வாயால் சொல்வார்கள். லென்ஸ் வெட்டிய பிறகு பிரேம் முறிந்தால், வெட்டிய லென்ஸுக்கும் பணம் கட்ட வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

எது உடையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அசிடேட் பிரேமைச் சூடான காற்றில் காட்டி இளக்கித்தான் லென்ஸைத் தள்ளுவார்கள். மேலே சொன்ன வெள்ளை பூத்த பிரேம் இளகாமல், மூக்குப் பாலத்திலோ ரிம்மின் உள்மூலையிலோ விரியும். இதற்குத்தான் ஆபத்து அதிகம். டிஆர்-90 வகை லேசான பிரேம்களில் அவ்வளவு சூடு காட்டாமல் அழுத்திப் பொருத்துவார்கள். அது வளையும், ஆனால் உடைந்துவிட்டால் ஒட்டாது. மெட்டல் பிரேமில் ஸ்க்ரூ முறிவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். பற்றவைப்பு விட்டால் திரும்பப் பற்றவைக்கலாம், அந்த இடத்துப் பெயின்ட் மட்டும் கருகும். டைட்டானியத்துக்குச் சாதாரணப் பற்றவைப்பு ஒத்துவராது, லேசர் வேண்டும்.

பிரேம் உள்ளே 52□18 140ன்னு எழுதியிருக்கே, அது எதுக்கு?

ஒரு லென்ஸின் அகலம் 52 மி.மீ., மூக்குப் பாலம் 18 மி.மீ., சைடு கம்பியின் நீளம் 140 மி.மீ. நடுவில் உள்ள சதுரம், அளவை எந்த முறையில் எடுத்தார்கள் என்பதற்கான குறி.

முதல் இரண்டையும் கூட்டினால் 70. இதுதான் அந்தப் பிரேமின் இரண்டு லென்ஸ்களின் நடுவுக்கு நடு தூரம். உங்கள் இரு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது பிடி, 62 என்று வையுங்கள். எட்டு மி.மீ. வித்தியாசம், கண்ணுக்கு நான்கு. அத்தனை மி.மீ. லென்ஸின் மையத்தை மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். இந்த வித்தியாசம் குறையக் குறைய பிரேம் உங்களுக்குப் பொருத்தம். அடுத்த கேள்விக்கு இந்தக் கணக்கு வேண்டும்.

எனக்கு மைனஸ் 6. லென்ஸ் தடியா இருக்கு. 1.67 போட்டா போதுமா, பிரேமையும் மாத்தணுமா?

1.67 என்பது லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண். அது கூடக்கூட லென்ஸ் மெலியும். கடையில் உடனே கைகாட்டுவது விலை கூடிய அந்த மெலிந்த லென்ஸை. ஆனால் தடிமனைத் தீர்மானிப்பதில் பிரேமின் பங்கு பலர் நினைப்பதைவிட மிகப் பெரியது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். மையத்திலிருந்து ஓரம் எவ்வளவு தூரமோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பத் தடிமன் ஏறும்.

கணக்காகவே பார்ப்போம். பிடி 62, பவர் மைனஸ் 6.00, லென்ஸின் நடுத் தடிமன் 2 மி.மீ. 54□18 பிரேமில் மையத்திலிருந்து காதுப்பக்க ஓரம் 32 மி.மீ. தள்ளி இருக்கும். சிஆர்-39 என்னும் சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் ஏறக்குறைய 8.2 மி.மீ. தடிக்கும். அதே பிரேமில் 1.67 போட்டால் 6.6. இப்போது லென்ஸைச் சாதாரணமாகவே வைத்து, பிரேமை 46□18 ஆக்குங்கள். ஓரம் 24 மி.மீ. தூரத்துக்கு வந்துவிடும், தடிமன் 5.5 தான். அதாவது சின்னப் பிரேமில் மலிவான லென்ஸ், பெரிய பிரேமில் விலை கூடிய லென்ஸைவிட மெலிந்து வருகிறது. இரண்டையும் சேர்த்தால் 4.6.

ஆகவே மைனஸ் 4க்கு மேல் போய்விட்டவரின் பழைய பிரேம் பெரிதாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு லென்ஸில் செலவழிப்பதைவிடப் பிரேமை மாற்றுவதே எங்கள் யோசனை. இன்னொரு விஷயம், மெலிந்த லென்ஸ் எல்லாம் தெளிவான லென்ஸ் அல்ல. வெளிச்சத்தை நிறம் பிரிக்காமல் கடத்தும் தன்மைக்கு ஆபே எண் என்று ஓர் அளவு உண்டு. சிஆர்-39க்கு அது 58, 1.67க்கு 32, பாலிகார்பனேட்டுக்கு 30. எண் குறைந்தால் ஓரமாகப் பார்க்கும்போது டியூப்லைட் விளிம்பில் நீலமோ மஞ்சளோ கோடு தெரியும். பலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது.

ஒரு கண்ணுக்குத்தான் பவர் மாறியிருக்கு. ஒரு லென்ஸ் மட்டும் வாங்கலாமா?

வாங்கலாம், ஒற்றை லென்ஸாகவும் விற்பார்கள். பழைய ஜோடி வாங்கி ஆறேழு மாதத்துக்குள் என்றால் தயங்க வேண்டாம். அதே பொருள், 1.67 போன்ற அதே ஒளிவிலகல் எண், அதே கம்பெனிக் கோட்டிங் என்று கேட்டு வாங்குங்கள். பழைய பில்லைக் கொண்டுபோனால் வேலை சுலபம்.

நாள்பட்டது என்றால் பொருந்தாது. ஒன்று பச்சையாகவும் ஒன்று நீலமாகவும் பளிச்சிடும், போட்டோவில் அப்பட்டமாகத் தெரியும். வெயிலில் கறுக்கும் லென்ஸ் இன்னும் மோசம். பழையது கறுக்கும் சக்தி குறைந்திருக்கும், ஒரு கண் கறுப்பும் ஒரு கண் பழுப்புமாக நிற்பீர்கள். தூரப் பவரும் படிக்கும் பவரும் ஒரே லென்ஸில் வரும் ப்ரோக்ரஸிவில் இரண்டு கண்ணுக்கும் ஒரே டிசைன் இருந்தே ஆக வேண்டும்.

வெள்ளெழுத்து வந்தாச்சு. பழைய பிரேம்லயே ப்ரோக்ரஸிவ் போட முடியுமா?

இங்கே பார்க்க வேண்டியது பிரேமின் வலிமையை அல்ல, உயரத்தை. ப்ரோக்ரஸிவ் லென்ஸில் தூரப் பவரிலிருந்து கிட்டப் பவருக்கு இறங்கிப் போக ஒரு பாதை உண்டு. கருவிழியின் நடுவிலிருந்து பிரேமின் கீழ் ஓரம் வரை பொதுவாக 17, 18 மி.மீ. இருந்தால் சௌகரியம். குறுகிய பாதை டிசைன்கள் 14 வரை இறங்கும். அதற்கும் குறைந்தால், படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுக் கீழே விழுந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பவர் மெஷின் குப்பையில் கிடக்கும்.

வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடியை வழக்கமாக மூக்கில் நிற்கும் இடத்தில் போட்டுக்கொண்டு, எதிரே நிற்பவரின் மூக்குப் பாலத்தைப் பாருங்கள். அவர் உங்கள் கண் மட்டத்துக்கே குனிந்து நின்று, கருவிழி நடுவுக்கு நேரே லென்ஸில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைக்கட்டும். அந்தப் புள்ளிக்குக் கீழே ஸ்கேலை வையுங்கள். மெலிந்த பட்டையான பிரேம்களில் மொத்த உயரமே 26, 27 தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் எட்டாது. புள்ளியைச் சரியாக வைக்க, பிரேம் முதலில் மூக்கில் வழுக்காமல் நிற்க வேண்டும். அதனால் மூக்குத் தாங்கியை மாற்றி, கம்பியை வளைத்துச் சரிசெய்த பிறகுதான் அளவெடுக்கச் சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்த ப்ரோக்ரஸிவும் சரியாக அமையாது.

உயரம் போதவில்லை, பிரேமை விடவும் மனமில்லை என்றால் அதில் தூரப் பவரை மட்டும் போட்டு, படிக்கத் தனியாக ஒரு மலிவுக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

ரிம்லெஸ், பாதி ரிம் பிரேமுக்கும் இதே கதைதானா?

பாதி ரிம், அதாவது சுப்ரா, லென்ஸை நைலான் நரம்பால் பிடித்திருக்கும். லென்ஸ் மாற்றும்போது நரம்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு சொற்பம். நரம்பு உட்கார லென்ஸ் ஓரத்தில் பள்ளம் வெட்டுவதால் ஓரம் 2 மி.மீ. அளவாவது தடிமன் வேண்டும்.

ரிம்லெஸ் விஷயம் சுவையானது. லென்ஸ்தான் அங்கே பிரேமின் உடம்பு. பாலமும் இரண்டு கம்பிகளும் நன்றாக இருந்தால், லென்ஸ் மாற்றும்போது வடிவத்தையும் அளவையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நீள்சதுரம் வட்டமாகலாம், 54 அகலம் 50 ஆகலாம். பழைய பிரேமில் புதுக் கண்ணாடி கிடைக்கும் ஒரே வகை இதுதான். துளையிட்டுப் பிணைப்பதால் சிஆர்-39 துளை ஓரத்தில் விண்டுவிடும். பாலிகார்பனேட், டிரைவெக்ஸ், 1.60 வகைகளில் ஒன்றைக் கேளுங்கள்.

பிரேம் உடைஞ்சுபோச்சு, லென்ஸ் புதுசு மாதிரி இருக்கு. அதை வேற பிரேமுக்கு வெட்டிப் போட முடியாதா?

புதுப் பிரேமின் வடிவம் எல்லாப் பக்கமும் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் வெட்டலாம். சிக்கல் மையத்தில். பழைய லென்ஸின் ஒளி மையம் உங்கள் கருவிழிக்கு நேராக வைத்து வெட்டப்பட்டது. புதுப் பிரேமிலும் அது அதே இடத்தில் வர, சுற்றிலும் போதிய லென்ஸ் மிச்சமிருக்க வேண்டும். மைனஸ் 6 லென்ஸில் மையம் 3 மி.மீ. நகர்ந்தால் 1.8 பிரிசம் விளைவு வரும், அதாவது பார்க்கும் பொருள் இடம் விலகித் தெரிந்து கண் இழுக்கும். மைனஸ் 1இல் அதே நகர்வுக்கு 0.3 தான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதே மாடல் பிரேம் கடையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் வெட்டாமலே மாட்டிவிடலாம். சில பிரேம்களுக்குச் சைடு கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கும். ப்ரோக்ரஸிவை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள், அதில் மையத்தோடு உயரமும் பொருந்த வேண்டும்.

ஆன்லைன்ல பிரேம் வாங்கி இங்க லென்ஸ் போட்டுக்கலாமா?

போடலாம். ஒரு நிபந்தனை: அது பவர் போடும் பிரேமாக இருக்க வேண்டும். ஃபேஷனுக்கு விற்கும் சில பிரேம்களில் லென்ஸ் உட்காரும் பள்ளமே ஒழுங்காக இருக்காது. வாங்கும் முன் மேலே சொன்ன 52□18 கணக்கைப் போட்டு, பழைய பிரேம் எண்ணுக்குப் பக்கத்தில் வருவதாகத் தேர்ந்தெடுங்கள்.

பிரேமைப் பெட்டியில் அனுப்பி லென்ஸ் மாற்றி வாங்கும் சேவைகளும் உண்டு. ஒற்றைப் பவர், குறைந்த எண் என்றால் பெரிய தவறு நேராது. ப்ரோக்ரஸிவுக்கும் மைனஸ் 5க்கு மேற்பட்டவர்களுக்கும் முகத்தில் பிரேமை மாட்டி அளவெடுப்பதே சரி.

கூலிங் கிளாஸ் பிரேம்ல பவர் லென்ஸ் போட்டுத் தருவீங்களா?

முகத்துக்கு நேராகத் தட்டையாக இருக்கும் கூலிங் கிளாஸில் போடலாம். கன்னத்தைச் சுற்றி வளைந்துபோகும் வகையில் சாதாரண லென்ஸ் நிற்காது. ரிம்மின் வளைவுக்கும் லென்ஸின் வளைவுக்கும் ஒத்துப்போகாமல் தெறிக்கும். வலிந்து பொருத்தினாலும் பவர் சாய்ந்து உட்காருவதால் ஓரம் நெளியும்.

கணக்குப் போட்டா எது லாபம்?

பிரேமையும் லென்ஸையும் தனித்தனி விலையாகக் கேளுங்கள், கூட்டு விலை இதை மறைத்துவிடும். உதாரணத்துக்குப் பிரேம் 1,200 ரூபாய், ப்ரோக்ரஸிவ் லென்ஸ் ஜோடி 8,000 என்று வையுங்கள். பழைய பிரேமை வைத்து மிச்சம் பிடிப்பது 1,200. அது பாதியில் முறிந்தால் போவது 8,000. இங்கே புதுப் பிரேம் வாங்குவது காப்பீடு மாதிரி. தலைகீழாக, பிரேம் 6,000, ஒற்றைப் பவர் லென்ஸ் 900 என்றால் பிரேமைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். உடைந்தாலும் நஷ்டம் 900.

‘பிரேமோடு லென்ஸ் இலவசம்’ வகை ஆஃபர்களில், லென்ஸ் மட்டும் வாங்கினாலும் ஏறக்குறைய அதே விலை வந்து நிற்பதுண்டு. அப்போது புதுசையே வாங்கி, பழையதை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலவச லென்ஸ் எந்தப் பொருள், என்ன கோட்டிங் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வரியில் வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் லென்ஸுக்கும் பிரேமுக்கும் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சுகர் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒரு பவர் சொல்றாங்க. எதை நம்பி லென்ஸ் போடறது?

இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் நீர் ஏறி இறங்கும், பவரும் கூடவே ஆடும். மருந்து மாற்றியோ இன்சுலின் தொடங்கியோ இருந்தால், சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகு சோதிக்க வேண்டும். இரண்டு தடவை வெவ்வேறு நாளில் சோதித்து ஒரே எண் வந்தால் ஆர்டர் கொடுங்கள். பார்வை திடீரென மங்கினால் அது கண்ணாடிக் கடைக்கான விஷயமே அல்ல, கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டர் சொல்லும்வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், பொறுக்க வேண்டும். இரண்டாவது கண்ணுக்கும் சீக்கிரம் ஆபரேஷன் என்றால், இடைக்காலத்துக்குப் பழைய பிரேமிலேயே சாதாரண லென்ஸ் போதும்.

பையனுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுது. ஒவ்வொரு தடவையும் புதுக் கண்ணாடியா?

லென்ஸை மாற்றத் தயங்காதீர்கள், பிரேமை முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பிகள் வெளிப்பக்கம் விரிந்து நின்றாலோ, நெற்றிப் பொட்டில் தழும்பு பதிந்தாலோ, கருவிழி லென்ஸின் நடுவைவிட்டுக் காதுப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தாலோ பிரேம் சின்னதாகிவிட்டது. இல்லையென்றால் அதிலேயே இன்னொரு ஜோடி போடலாம். விளையாடும் பிள்ளைக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் போடுங்கள். ஆபே எண் குறைவு என்று மேலே சொன்னோம், இங்கே கண்ணுக்குப் பாதுகாப்பு அதைவிட முக்கியம்.

அதே பிரேம்தான், லென்ஸ் மட்டும்தான் மாத்தினேன். தலை சுத்துது, ஏன்?

பவர் மாறியிருந்தால் ஒரு வாரமும், முதல் ப்ரோக்ரஸிவ் என்றால் இரண்டு வாரமும் பழக விடுங்கள். மாற்றி மாற்றிப் பழையதைப் போட்டால் பழகாது. அதற்குப் பிறகும் தரை மேடாகத் தெரிந்தால் கடைக்குப் போய் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பவரையும் ஆக்சிஸையும் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒற்றைப் பவர் என்றால் இரண்டு ஒளி மையங்களையும் புள்ளியிட்டு, நடுத் தூரம் உங்கள் பிடியோடு ஒத்துப்போகிறதா என்று ஸ்கேலில் காட்டச் சொல்லுங்கள். ப்ரோக்ரஸிவுக்குக் கருவிழிக்கு நேராகக் குறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் சந்தேகம் பிரேம்மேல். சூடு காட்டிப் பொருத்தியதில் அது முறுக்கியிருக்கும், மேலே சொன்ன மேசைச் சோதனையில் தெரிந்துவிடும். லென்ஸைப் பெரிதாக வெட்டித் திணித்திருந்தாலும் ரிம் உந்தி, லென்ஸ் இறுகி நெளியும். ஓரத்தை மிகச் சிறிதளவு அரைத்துக் குறைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் பவரையே மறுபடி சோதிக்க வேண்டும்.

லென்ஸ் மாத்தும்வரைக்கும் நான் எதைப் போட்டுக்கிட்டு இருக்கறது?

ஒற்றைப் பவர், சாதாரண எண், லென்ஸ் கடையில் ஸ்டாக் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரிய பிரேம் என்றால் மட்டும் ஸ்டாக் லென்ஸின் விட்டம் எட்டாமல் ஆர்டருக்குப் போகலாம். ப்ரோக்ரஸிவ், அதிக சிலிண்டர், 1.67 போன்றவை வெளியிலிருந்து வர நாலைந்து நாள், ஒரு வாரம் ஆகும். அதுவரை பிரேமை அங்கே விட்டுவைக்க வேண்டியதில்லை. அளவை எடுத்துக்கொண்டு பிரேமைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், லென்ஸ் வந்ததும் போனில் கூப்பிடுவார்கள்.

மாற்றி முடித்ததும் பழைய லென்ஸ் ஜோடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் குப்பைக்குப் போகும். டிஷ்யூ காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, வலது, இடது என்று மேலே எழுதி வையுங்கள். இந்தப் பிரேமுக்கே வெட்டியது என்பதால், புது லென்ஸ் ஒன்று விண்டுபோகும் நாளில் பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம்.